‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்றால் என்ன?

கூட்டுக் கணக்கு தொடங்குவோருள் பெரும்பாலோர், படிவத்தில் ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்னும் கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடுகின்றனர். அதனருகிலேயே ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்றொரு கட்டமும் உண்டு. “நாங்கள் விவசாயிகள் அல்லவே!” என்று அதைத் தவிர்த்தோரும் உளர். செய்தித்தாள்களில் முன்னாள் அமைச்சரைக் குறிக்கவும் இச்சொல் வருவதால், கணக்கிலிருந்து விலகியவர் என்று கருதுவோரும் உண்டு.

இரு பெயர்களைச் சொன்னபின், அவற்றுள் முதலில் நிற்பவரைச் சுட்டுவதே இங்கு ‘ஃபார்மர்’. கணவர் பெயர் முதலிலும் மனைவி பெயர் அடுத்தும் இருப்பின், கணவர் வாழும்வரை அவர் மட்டுமே கணக்கை இயக்க இயலும். ‘ஐதர்’ என்பது இருவருள் எவரேனும் ஒருவர். ஆங்கில வழக்கில் இவ்விரு சொற்களும் இருவருக்கே உரியவை. மூவர் கணக்கில் ‘எனிஒன் ஆர் சர்வைவர்’ என்று எழுதப்படுவது அதனால்தான்.

‘சர்வைவர்’ என்றதும் விபத்தில் பிழைத்தவர் நினைவுக்கு வருவார். இங்கோ, மற்றவர் மறைந்தபின் எஞ்சியிருக்கும் கணக்குதாரர் என்பதே பொருள். நியமனதாரர் வேறு, கணக்குதாரர்கள் அனைவரும் மறைந்த பின்னரே அவருடைய முறை வரும்.

நிரந்தர வைப்பில்தான் இச்சொற்றொடர் பலரை ஏமாற்றுகிறது. முதிர்வு நாளில் இருவருள் எவரும் தொகையைப் பெறலாம் என்பது உண்மையே. ஆனால் முதிர்வுக்கு முன்பே வைப்பை முடிக்க இருவர் கையொப்பமும் தேவை. ஐந்தாண்டு வைப்பின் இரண்டாம் ஆண்டில் கணவர் காலமாகிவிட்டார் எனக் கொள்வோம். மருத்துவச் செலவுக்குப் பணம் வேண்டி வரும் மனைவியிடம், கணவரின் சட்டப்படியான வாரிசுகள் அனைவரின் இசைவையும் வங்கி கேட்க நேரும். பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருந்தால் அதற்கே நாட்கள் பல கழியும். ‘எஞ்சியிருப்பவர் நான்தானே’ என்ற அவரது வினா நியாயமானதே. எனினும் அச்சொற்றொடர் முதிர்வுத் தொகையைப் பெறும் உரிமையையே தருகிறது.

இதற்கு வழியுண்டு. எஞ்சியிருப்பவர் முதிர்வுக்கு முன்னரும் தொகையைப் பெறலாம் என இருவரும் சேர்ந்து தனி ஒப்புதல் அளித்திருந்தால், வாரிசுகளின் இசைவு தேவையில்லை. வைப்பு தொடங்கும்போது மட்டுமன்றி, அதன் காலத்திற்குள் எப்போது வேண்டுமானாலும் இதனை அளிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2012 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. பழைய வைப்பு வைத்திருப்போரும் ரசீதுடன் கிளைக்கு வந்து இதற்கான கடிதத்தைக் கொடுக்கலாம். அதில் இருவர் கையொப்பமும் இருத்தல் வேண்டும்.