இரண்டு கிதார், ஒரு கார், பின்னாலேயே ரசிகர் கூட்டம்

நாகஸ்வர வித்வான் ஒருவர் வாசிக்கிறார் என்றால் ஊர் விட்டு ஊர் நடந்து போய், விடிய விடிய நின்று கேட்டுவிட்டு, மறுநாள் அடுத்த ஊர்த் திருவிழாவுக்கும் அவர் பின்னாலேயே போன ரசிகர்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெங்களூரில் ராமநவமி வந்துவிட்டால், சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துப் பந்தலுக்கு அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். "சங்கீதப் பைத்தியம்" என்று வீட்டில் வசவு வாங்கிக்கொண்டே போகிறவர்கள் இவர்கள்.

இந்தப் பைத்தியம் நமக்கு மட்டுமே சொந்தம் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் கில்லியன் வெல்ச் என்ற பாடகியும், அவருடைய துணைவர் டேவிட் ராலிங்ஸும் கச்சேரிப் பயணம் கிளம்பினால், காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பின்தொடரும் ரசிகர்கள் இருக்கிறார்கள். நாஷ்வில்லில் கேட்டவர் அட்லாண்டாவிலும் போய்க் கேட்பார். இடையே உள்ள தூரம் சுமார் 400 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போவதைவிடச் சற்று அதிகம்!

அப்படி என்னதான் இருக்கிறது இந்தக் கச்சேரியில்?

மேடையில் இருவர் மட்டுமே

மேல்நாட்டுப் பாட்டுக் கச்சேரி என்றதும் நம் நினைவுக்கு வருவது கண்ணைப் பறிக்கும் விளக்குகளும், காதைப் பிளக்கும் டிரம் ஓசையும்தான். இங்கே அவை எதுவும் கிடையாது. மேடையில் இரண்டு பேர், இரண்டு கிதார், சில மைக்குகள். சில பாட்டுகளுக்கு அம்மையார் கிதாரை வைத்துவிட்டு பாஞ்சோ வாசிப்பார். ஒரு பாட்டுக்குக் கையால் தொடையில் தட்டி, பூட்ஸ் காலால் மேடையை மிதித்துத் தாளம் போடுவார். டிரம் இல்லாத குறையே தெரியாது. இருவரும் நெருங்கி நின்று, குரலோடு குரல் சேர்த்துப் பாடும்போது சபையில் யாராவது இருமினால்கூடக் கேட்கும். அவ்வளவு நிசப்தம்.

அம்மையாரின் கிதார் 1956ஆம் ஆண்டு செய்யப்பட்ட கிப்சன். ராலிங்ஸின் கிதார் அதைவிட வயதில் மூத்தது. அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் தத்தளித்த 1935ஆம் ஆண்டில், கையில் காசில்லாதவர்களுக்காக மலிவு விலையில் செய்யப்பட்ட சின்ன எபிபோன். அந்த ஏழைக் கிதாரிலிருந்து அவர் எழுப்பும் நாதத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு.

"கேட்ட பாட்டையே மறுபடியும் கேட்பானேன்?" என்று சிலர் கேட்கலாம். நம் ரசிகர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. நேற்றுப் பாடிய தோடி வேறு, இன்று பாடும் தோடி வேறு என்பது நமக்குத் தெரியும். ராலிங்ஸ் பாட்டுக்கு நடுவே வாசிக்கும் கிதார்ப் பகுதிகள் முன்கூட்டி எழுதி வைத்தவை அல்ல, அவ்வப்போது கற்பனையில் பிறப்பவை. நம் பாஷையில் சொன்னால் மனோதர்மம். தவிர, இசைத்தட்டில் வருவதற்குப் பல வருஷங்கள் முன்பாகவே சில பாட்டுகள் மேடையில் வந்துவிடும். 2011ஆம் ஆண்டுத் தட்டில் வந்த ஒரு பாட்டை 2004ஆம் ஆண்டு வாக்கிலேயே மேடையில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். பின்னாலேயே போகிறவனுக்குத்தானே அந்தப் பாக்கியம்!

பெயர் ஒருவருக்கு, உழைப்பு இருவருக்கு

கில்லியன் வெல்ச் 1967இல் நியூயார்க்கில் பிறந்தவர். பிறந்தவுடனேயே அவரைத் தத்து எடுத்து வளர்த்த தம்பதியர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு இசையமைத்தவர்கள். பாஸ்டன் நகரின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் படிக்கும்போது அவர் ராலிங்ஸைச் சந்தித்தார். 1992இல் இருவரும் நாட்டுப்புற இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்தனர். 1996இல் முதல் இசைத்தட்டு வெளியாயிற்று. தட்டின் மேல் அம்மையாரின் பெயர் மட்டும்தான் இருந்தது. பாட்டு எழுதுவதும் பாடுவதும் வாசிப்பதும் இருவரும் சேர்ந்துதான். இருந்தும் இருவர் பெயரையும் தாங்கி ஒரு தட்டு வெளிவர 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டிலேயே உட்கார்ந்து, பழைய நாடாக் கருவியில் பதிவு செய்த அந்தத் தட்டுக்கு 2021இல் கிராமி விருது கிடைத்தது.

இலவசம் என்ற வெள்ளம்

இவர்கள் ஊர் ஊராகப் போவதற்கு ஆசை மட்டும் காரணமல்ல, பிழைப்பும் காரணம்.

1999ஆம் ஆண்டில் கம்ப்யூட்டர் வழியாகப் பாட்டுகளைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளும் வசதி வந்தது. காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவானேன் என்று ஜனங்கள் நினைக்கத் தொடங்கினார்கள். 2001ஆம் ஆண்டுத் தட்டில் அம்மையார் இதைப் பற்றி ஒரு பாட்டே பாடியிருக்கிறார். கோபமோ கூச்சலோ அதில் இல்லை. "எங்கள் பாட்டு இனி இலவசம்தானாம், அப்படியென்றால் நான் வீட்டில் எனக்காகவே பாடிக்கொள்கிறேன்" என்ற தொனியில் அமைந்த பாட்டு அது. கேட்பவருக்கு நெஞ்சில் முள் தைத்தாற்போல் இருக்கும். பின்னால் வந்த இளம் பாடகர்கள் பலர் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துப் பாடுகிறார்கள். காரணம் தெரிந்ததே. இன்று செல்போனில் ஒருவர் ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் பாடியவர் கைக்கு ஒரு சென்ட் கூட முழுதாக வந்து சேருவதில்லை.

ஆகவே டிக்கெட் வாங்கி, பெட்ரோல் போட்டு, அடுத்த ஊருக்கும் வந்து உட்காரும் ரசிகர்தான் இன்றைய பாடகருக்குப் படியளப்பவர். அன்று மிராசுதார் செய்ததை இன்று சாதாரண ஆபீஸ் உத்தியோகஸ்தர் செய்கிறார் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த ரசிகர்கள் பொறுமைசாலிகளும்கூட. 2003க்குப் பிறகு அம்மையார் பெயரில் அடுத்த தட்டு வந்தது 2011இல்தான். எட்டு வருஷம்! இடையில் எழுதிய பாட்டுகள் திருப்தி தரவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். பழைய பாணிக் கருந்தட்டில் அதை வெளியிட மேலும் ஆறு வருஷம் ஆயிற்று. பிறர் செய்து கொடுப்பதில் மனம் நிறையாமல், தட்டில் வரி வெட்டும் இயந்திரத்தையே சொந்தமாக வாங்கிச் செய்தார்கள். அத்தனை வருஷமும் ரசிகர்களைப் பிடித்து வைத்திருந்தது கச்சேரி மேடைதான்.

புயல் வந்த இரவு

2020ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் நாஷ்வில் நகரைச் சூறாவளி தாக்கியது. டென்னிஸி மாநிலத்தில் 25 பேர் உயிரிழந்தனர். இருவருக்கும் சொந்தமான உட்லண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தின் கூரை பிய்ந்து போயிற்று. மழை நீர் உள்ளே கொட்டியது. மின்சாரம் இல்லாத இருட்டில், ஆயுள் முழுதும் பாடிப் பதிவு செய்து வைத்திருந்த நாடாக்களையும் வாத்தியங்களையும் நனையாத இடத்துக்குச் சுமந்து காப்பாற்றினார்கள்.

கை நழுவிப் போக இருந்த பொருளின் அருமை அப்போதுதான் தெரியும் அல்லவா? 2002இல் பதிவு செய்து, வெளியிடாமலே மூட்டை கட்டி வைத்திருந்த 48 பாட்டுகளை அந்த வருஷமே மூன்று தொகுதிகளாக வெளியிட்டுவிட்டார்கள். செப்பனிட்ட கூடத்தின் பெயரையே தலைப்பாகச் சூட்டி, 2024இல் 'உட்லண்ட்' என்ற தட்டைக் கொண்டுவந்தார்கள். 2025இல் அதற்கும் கிராமி விருது கிடைத்தது. மீண்டும் கச்சேரிப் பயணம், மீண்டும் பின்னாலேயே ரசிகர் கூட்டம்.

முன்னோடிகள்

பாடகர் பின்னால் போகும் வழக்கம் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1965 முதல் 1995 வரை பாடிவந்த 'கிரேட்புல் டெட்' குழுவின் பின்னால் வேன்களிலும் பஸ்களிலும் வருஷக்கணக்கில் திரிந்தவர்கள் உண்டு. கச்சேரியை நாடாவில் பதிவு செய்ய வரும் ரசிகர்களுக்கென்று 1984இல் அந்தக் குழு சபையில் தனி இடமே ஒதுக்கியது. பதிவு செய்ததை நண்பர்களுக்குக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. ஆனால் அது திருவிழாக் கூட்டம். வெல்ச், ராலிங்ஸ் கச்சேரிக்கு வருவது வாய் மூடி, காது திறந்து உட்காரும் கூட்டம்.

நாஷ்வில்லில் 1892இல் கட்டிய ரைமன் அரங்கம் இன்றும் இருக்கிறது. பிரார்த்தனைக் கூடமாகத் தொடங்கியது. நாற்காலிகள் இல்லை, மாதா கோவிலில் இருப்பது போன்ற நீண்ட மர பெஞ்சுகள். முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டு குரலும் ஒன்றாகி எழும்பும் வேளையில் அந்த இடிபாடு யாருக்கும் தெரிவதில்லை.

கச்சேரி முடிந்தால் இருவரும் விமானம் ஏறுவதில்லை. முடிந்தவரை தாங்களே காரை ஓட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவதுதான் அவர்கள் வழக்கம். அதே சாலையில், சற்றுப் பின்னால், ஒரு ரசிகரின் காரும் போகிறது.

நம் பேட்டைச் சபாவிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சேரி நடக்கத்தான் செய்கிறது. முன் வரிசை நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன. அந்த அமெரிக்க ரசிகர் 400 கிலோமீட்டர் போகிறார். நாம் நாலு தெரு தாண்டிப் போகக் கூடாதா?