அலையைத் தோளில் போட்டுக்கலாம்... பயண நினைவை சால்வையாகப் பின்னுவது எப்படி?

டூர் போய்விட்டு வந்தால் என்ன மிஞ்சும்? போன் நிறைய போட்டோ, காலியான வர்க்கி பாக்கெட், ஃபிரிட்ஜில் ஒட்டிய ஒரு காந்த பொம்மை. பின்னல் ஊசி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பார்த்த அலையை, இலையை, பூவை ஒரு சின்ன சால்வையாகப் பின்னி வைத்துக்கொள்ளலாம். ஊட்டிக் குளிருக்கும் ஆகும், ஏசி பெட்டியில் இரவுப் பயணத்துக்கும் ஆகும்.

ஆனால், ஆசையாக ஆரம்பிக்கும் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். `மலை, சூரியன், தென்னை மரம் எல்லாம் வரணும்னு நினைச்சேன், ஒண்ணுமே வரலையே' என்பார்கள். தவறு கையில் இல்லை. பின்னல் என்பது ஓவியம் அல்ல. அதற்குத் தெரிந்த வேலைகள் கொஞ்சம்தான்: நூலை ஊசியில் சுற்றி ஒரு துளை உண்டாக்கலாம், இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்க்கலாம், மேடு பள்ளம் காட்டலாம். இந்தச் சில வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதில்தான் டிசைன் பிறக்கிறது. அதனால் ஒரு இடத்தைப் பார்க்கும்போது, `இங்கே எது அழகு?' என்று கேட்பதைவிட, `இங்கே எது திரும்பத் திரும்ப வருகிறது?' என்று கேளுங்கள்.

பூ பின்னலான ஊர்

எஸ்டோனியா நாட்டின் மேற்குக் கடற்கரையில் ஹாப்சாலு என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் சேற்றுக் குளியல் சிகிச்சைக்காக வெளியூர்க்காரர்கள் அங்கே வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களுக்கு விற்க, உள்ளூர்ப் பெண்கள் மெல்லிய கம்பளி சால்வைகளைப் பின்னினார்கள். மோதிரத்துக்குள் நுழைத்து இழுக்கும் அளவுக்கு மெல்லியது என்பதுதான் அதன் பெருமை.

அந்த ஊரின் பெயர்பெற்ற டிசைன், `பள்ளத்தாக்கு லில்லி' என்ற பூ. வெள்ளை மணிகள் தொங்குவது போன்ற பூ அது. அதைப் பின்னிய பெண்கள் பூவை அப்படியே வரைய முயலவில்லை. இலைக்குச் சாய்வான துளை வரிசை, மொட்டுக்கு ஒரு குட்டி உருண்டை, அவ்வளவுதான். ஒரே கண்ணியில் ஏழு கண்ணிகளைத் தளர்வாக எடுத்து, அடுத்த வரிசையில் ஏழையும் ஒன்றாகச் சேர்த்தால் உருண்டை ரெடி. `நுப்' என்பது அதன் பெயர்.

அலைக்கு ஒரு கணக்கு

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாண்ட் தீவுகளில் `ஓல்ட் ஷேல்' என்றொரு பின்னல் உண்டு. பார்ப்பதற்கு, அலை வந்துபோன கரையில் படியும் மணல் வரிகள் மாதிரி இருக்கும். 18 கண்ணிகள், நான்கே வரிசைகள்.

முதல் வரிசை முழுக்க நிட். இரண்டாவது முழுக்க பர்ல். மூன்றாவதில்தான் வேலை: இரண்டிரண்டாக மூன்று முறை சேர்க்க வேண்டும். பிறகு `நூலைச் சுற்று, ஒரு நிட்' என்பதை ஆறு முறை. மறுபடி இரண்டிரண்டாக மூன்று முறை சேர்க்க வேண்டும். நான்காவது வரிசை முழுக்க நிட்.

சேர்த்ததால் ஆறு கண்ணிகள் குறைகின்றன. சுற்றியதால் ஆறு கூடுகின்றன. மொத்தம் மாறுவதில்லை. ஆனால், குறைத்த இடம் உள்ளே இழுக்கும், கூட்டிய இடம் வெளியே தள்ளும். அந்த இழுபறியில் துணியே அலையாக வளைகிறது. இரண்டு, மூன்று நிறங்களை மாற்றி மாற்றிப் பின்னினால் அலை இன்னும் பளிச்சென்று தெரியும்.

உங்கள் டிசைன்

புள்ளிக் கோலம் போடத் தெரியுமா? அப்படியென்றால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டம் என்பது ஒரு கண்ணி. துளையை ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டம் தள்ளி வைத்தால் சாய்கோடு. எதிரெதிர் சாய்கோடுகள் கூடினால் மலை உச்சி. விரிந்து மறுபடி கூடினால் இலை. தேயிலைத் தோட்டத்துக்குத் துளையே வேண்டாம், மேடு பள்ள வரிசைகள் போதும். ஒவ்வொரு துளைக்கும் எங்காவது இரண்டு கண்ணிகளைச் சேர்த்தாக வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நிறத்தை போட்டோவிலிருந்து எடுக்கலாம். ஒன்றிரண்டு நிறம் போதும். பல நிறம் கலந்த நூலில் துளை டிசைன் கண்ணுக்கே தெரியாமல் போகும்.

முதல் சால்வைக்கு முக்கோணம் நல்லது. 5 கண்ணிகளில் தொடங்குங்கள். ஒன்றுவிட்டு ஒரு வரிசையில், இரு ஓரங்களிலும் நடுக்கண்ணியின் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றாக நான்கு கண்ணிகள் கூட்டுங்கள். 100 வரிசை முடிந்தால் 205 கண்ணிகள் இருக்கும். ஒன்றைக் குறைத்து, ஓரத்துக்கு மூன்று மூன்று ஒதுக்கினால் மீதி 198. அதாவது 18-ன் 11 மடங்கு. கண்ணி கூட்டுவதை நிறுத்திவிட்டு, அலை டிசைனை நான்கைந்து முறை போட்டு முடித்துவிடலாம். கழுத்தில் சுற்றிக் கட்டும் அளவுக்கு வரும்.

நூல் ஏமாற்றும்!

100 கிராமில் சுமார் 400 மீட்டர் வரும் மெல்லிய கம்பளி நூலும், 4 மி.மீ. வட்ட ஊசியும் வாங்கிக்கொள்ளுங்கள். `பாதி வரிசை முடிஞ்சிடுச்சு, நூல் நிறைய இருக்கே'ன்னு சந்தோஷப்பட வேண்டாம். முக்கோணம் போகப் போக அகலமாகும். பாதி வரிசைகள் முடியும்போது, முக்கோணத்துக்கு வேண்டிய நூலில் கால்வாசிதான் செலவாகியிருக்கும். கிச்சன் தராசில் நூலை அவ்வப்போது எடை போட்டுப் பாருங்கள். கடைசி வரிசையை மூட, அந்த ஓரத்தின் நீளத்தைப்போல நான்கு மடங்கு நூலாவது கையில் இருக்கட்டும். மூடும்போது தளர்வாக மூடுங்கள். இறுக்கினால் அலை விரியாது.

பின்னி முடித்ததும் சால்வை கசங்கிய காகிதம்போல இருக்கும். பயப்படாதீர்கள். சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, துண்டில் சுருட்டி ஈரத்தை எடுங்கள். மெத்தை விரிப்பின் மேல் நன்றாக இழுத்து, குண்டூசி குத்திக் காயவிடுங்கள். கம்பளி அந்த வடிவத்தை அடுத்த சலவை வரை பிடித்துக்கொள்ளும். பருத்தி அந்த அளவுக்குப் பிடிக்காது. ஆனால், நம் ஊர் வெயிலுக்கு அதுதான் சௌகரியம் என்றால், துளைகள் பெரிதாக இருக்கும் டிசைனாகப் பாருங்கள்.

`எனக்கும் ஒண்ணு போட்டுக்கொடேன்!'

சால்வையைப் பார்த்ததும் சொந்தபந்தம் இப்படிக் கேட்கும். கொடுப்பது உங்கள் விருப்பம். விற்பதாக இருந்தால், நூல் காசை மட்டும் வாங்கி ஏமாறாதீர்கள். ஷெட்லாண்ட் பெண்களுக்கு நடந்தது அதுதான். ராணி விக்டோரியா காலத்தில் அவர்களுடைய சால்வைக்கு லண்டனில் மவுசு இருந்தது. பின்னியவர்களுக்கோ பல கடைக்காரர்கள் காசு தரவில்லை. பதிலுக்குத் தேயிலையும் துணியும் கொடுத்தார்கள். வீட்டு வாடகைக்குத் தேயிலையைக் கொடுக்க முடியுமா? 1872-ல் அரசு நடத்திய விசாரணையில் அந்தப் பெண்களே சாட்சி சொன்னார்கள்.

அதனால் ஊசியை எடுக்கும்போதே ஒரு நோட்டில் நேரத்தையும் குறித்து வையுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று தெரிந்தால்தான் தயங்காமல் விலை சொல்ல முடியும். சும்மா கொடுத்தாலும், எவ்வளவு கொடுத்தோம் என்பது நமக்காவது தெரிந்திருக்கும்.