மெலனோமா: வயதான தோலில் ஏன் அதிகம் பரவுகிறது?

தோல் புற்றுநோய்களில் உயிருக்கு உலை வைப்பதில் முன்னால் நிற்பது மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் தொடங்கி நுரையீரல், கல்லீரல், மூளை வரை போய்விடும். வயதானவர்களுக்கு இது பரவும் ஆபத்து கூடுதல். அதற்குக் காரணம் புற்றுசெல் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள தோலும்தான்.

எலிகள் காட்டிய உண்மை

இலங்கையில் பிறந்த விஞ்ஞானி அஷானி வீரரத்ன அமெரிக்காவில் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். ஒரே வகை மெலனோமா செல்களை இளம் எலிகளுக்கும் வயதான எலிகளுக்கும் அவரது குழு செலுத்தியது. வயதான எலிகளில் கட்டி மெதுவாகத்தான் வளர்ந்தது. ஆனால் நுரையீரலுக்கு அதிகம் பரவியது அவற்றில்தான். இந்த ஆய்வு 2016இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

தோலின் கட்டுமானத்தைப் பராமரிக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், முதுமையில் எஸ்.எஃப்.ஆர்.பி.2 என்ற புரதத்தை அதிகம் சுரக்கின்றன. இது புற்றுசெல்லைப் பரவத் தூண்டுகிறது, சில மருந்துகளுக்கு மசியாமலும் ஆக்குகிறது. கொலாஜன் நார்களும் மாறுகின்றன. இளம் தோலில் அவை கூடைப் பின்னல்போல் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். வயதானால் பின்னல் தளர்ந்து, செல்கள் நழுவிப்போக இடம் கிடைக்கிறது.

முடிச்சில் இல்லை என்றால்?

கட்டியிலிருந்து நோய் முதலில் சேரக்கூடிய நிணநீர் முடிச்சை எடுத்துச் சோதிப்பார்கள். அதில் நோய் தென்படுவது இளையவர்களிடம் அதிகம், முதியவர்களிடம் குறைவு. ஆனாலும் மெலனோமாவால் இறப்பது முதியவர்களே அதிகம். முதுமையில் நிணநீர்க் குழாய்கள் கசிவதால் செல்கள் முடிச்சில் தங்காமல் தப்பிவிடலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எனவே ‘முடிச்சில் ஒன்றுமில்லை’ என்ற ரிப்போர்ட்டை நம்பி, பெரியவர்களுக்குத் தொடர் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

“இந்த வயசுல எதுக்கு?”

பெரியவர்களுக்குச் சிகிச்சை என்றதும் குடும்பத்தார் அன்போடுதான் இப்படிக் கேட்கிறார்கள். ஆனால் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு 60 வயதைத் தாண்டியவர்களிடம் நல்ல பலன் கூடுதலாகவே தெரிந்தது. வயதை மட்டும் காட்டி சிகிச்சையைத் தட்டிக்கழிப்பது அநியாயம்.

உள்ளங்காலைப் பாருங்கள்

நம்மைப் போன்ற மாநிறத்தவர், கறுப்பு நிறத்தவருக்கு மெலனோமா பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருகிறது. குனிந்து பார்க்க முடியாத பெரியவர்களின் கண்ணுக்கு அது படாது. ஆணி என்றோ சர்க்கரைப் புண் என்றோ மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். குளித்து முடித்ததும் நல்ல வெளிச்சத்தில் அவர்கள் பாதத்தை, விரலிடுக்கு உட்பட, யாராவது பார்க்க வேண்டும். ஓரம் கோணலாகவும் நிறம் திட்டுத்திட்டாகவும் பெரிதாகிக்கொண்டே போகும் கறுப்புப் புள்ளி, நகத்தில் அகலமாகிக்கொண்டே வரும் கருங்கோடு, ஆறாத புண் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. பிளேடால் சீவுவது, ஆணி பிளாஸ்டர் ஒட்டுவது வேண்டாம். தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் பயாப்ஸி செய்துவிடுங்கள். கட்டியின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். 1 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்தால், பெரும்பாலானவர்களுக்கு அறுவைச் சிகிச்சையே போதும்.