மீந்த மணிகளில் ஒரு மாலை

உங்கள் வீட்டிலுள்ள பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து பாருங்கள். அறுந்துபோன பாசிமாலையின் மணிகள், தங்கையின் வளையலில் உதிர்ந்த முத்துக்கள், பாட்டியின் செபமாலையில் மிஞ்சிய நாலைந்து மரமணிகள் எல்லாம் பொத்தான்களோடும் ஊக்குகளோடும் கலந்து கிடக்கும். எறிய மனம் வராது. எடுத்துக் கோக்கவும் நேரம் வராது. அப்படிக் கிடந்த மணிகளையெல்லாம் எங்கள் வகுப்பில் ஒன்றாகச் சேர்த்துக் கைவளை, கழுத்துமாலை, செபமாலை ஆகியவற்றைச் செய்யக் கற்றோம். கற்ற முறையையும், இடையில் நாங்கள் அடைந்த வெட்கத்தையும் இங்கே கூறுகிறோம்.

மணிகளின் பழமை

மணி கோப்பது வைகைக் கரைக்குப் புதிதன்று. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 12 கி.மீ. தொலைவில் கீழடி உள்ளது. அங்கே அகழாய்வில் கிடைத்த மணிகளை, 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் கண்டோம். கண்ணாடி மணி, சுடுமண் மணி, செந்நிறச் சூதுபவள மணி எனப் பலவகை உண்டு. சூதுபவளம் நம் பக்கத்தில் கிடைப்பதன்று. குஜராத், மகாராஷ்டிரப் பகுதிகளிலிருந்து வணிகர் மூலம் வந்தது என ஆய்வாளர் கூறுவர். நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில், துளையிட்டு முடிக்காத மணிகளும் கிடைத்துள்ளன. அங்கே மணி செய்யும் பட்டறைகள் இருந்தன என்பதற்கு அவையே சாட்சி.

2000 ஆண்டுகளுக்கு மேலாகியும் மணிகள் கெடவில்லை. அவற்றைக் கோத்த நூலோ மக்கி மண்ணாயிற்று. இதை அன்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

பிரிக்கும் முறை

கண்ணாடி, பிளாஸ்டிக் மணிகளைச் சோப்பு நீரில் கழுவித் துணியில் உலர்த்த வேண்டும். மரமணிகளை நனைக்காமல் துடைத்தால் போதும். பிறகு நிறம் பார்த்துப் பிரிக்கத் தோன்றும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது துளையை. ஊசி நுழையாத மணி எவ்வளவு அழகாயிருந்தும் பயனில்லை. துளையின் ஓரம் உடைந்த கண்ணாடி மணியை ஒதுக்கிவிட வேண்டும். அது கத்தி போல் நூலை அறுக்கும். துளை, அளவு, நிறம் என்ற வரிசையில் பிரித்துத் தனித்தனிக் கிண்ணங்களில் இடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: வேலியோரம் கிடைக்கும் குன்றிமணி அழகுதான். ஆனால் அதன் பருப்பு கொடிய நஞ்சு. அதைத் துளையிடவோ, உடைக்கவோ, சிறு குழந்தைகளின் கையில் கொடுக்கவோ கூடாது.

கோக்கும் முறை

ஒரு துண்டை மடித்து, மடிப்பின் பள்ளத்தில் மணிகளை வரிசையாக அடுக்குங்கள், உருண்டோடா. கழுத்துமாலையானால் பெரிய மணி நடுவிலும், இருபுறமும் அளவு குறைந்துகொண்டே போகும் மணிகளும் வரட்டும். ஒரே ஒரு நல்ல மணிதான் உள்ளதா? அதை நடுவில் வைத்து, இருபக்கமும் பொடி மணிகளைக் கோத்தால் அதுவே பதக்கமாகும். கைவளைக்கு மணிக்கட்டின் சுற்றளவோடு 2 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

செபமாலைக்கு 59 மணிகள் தேவை. மங்கள வார்த்தை செபத்துக்கு 53, கர்த்தர் கற்பித்த செபத்துக்கு 6. வட்டத்தில் 54 மணிகளும், சுரூபத்துக்குக் கீழே சிலுவை வரை 5 மணிகளும் அமையும். மீந்த மணிகளில் 59 ஒரே நிறத்தில் கிடைக்குமா? கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் சிஸ்டர் வழி சொன்னார்கள். 1951ஆம் ஆண்டு அமெரிக்க ஆயர் ஃபுல்டன் ஷீன் உலக மறைபரப்புச் செபமாலையைத் தொடங்கினார். அதில் ஒவ்வொரு பத்துக்கும் ஒரு நிறம்: ஆப்பிரிக்காவுக்குப் பச்சை, அமெரிக்கக் கண்டங்களுக்குச் சிவப்பு, ஐரோப்பாவுக்கு வெள்ளை, பசிபிக் தீவுகளுக்கு நீலம், ஆசியாவுக்கு மஞ்சள். ஒரு நிறத்தில் பத்து மணி சேர்ப்பது எளிதல்லவா! எங்கள் குறையே அழகாயிற்று.

நாங்கள் செய்த தவறு

செபமாலை மாதமாகிய அக்டோபரில் 20 செபமாலைகளைச் செய்து, ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டு சென்றோம். டப்பாவில் தையல் நூல் இருந்ததால் அதிலேயே கோத்து, கடைசியில் மட்டும் முடிச்சிட்டிருந்தோம். பாட்டிமாரோடு சேர்ந்து செபித்தோம். மூன்றாம் பத்தில் ஒரு பாட்டியின் கையில் மாலை அறுந்தது. மணிகள் கட்டிலுக்கடியில் உருண்டோடின. குனிந்து பொறுக்க அவரால் முடியவில்லை. நாங்கள் தரையில் தவழ்ந்து தேடினோம். அவரோ, “விடுங்க தாயி, பத்து விரலும் ஆண்டவர் குடுத்த மணிதான்” என்று சொல்லி, விரல்களை எண்ணியே செபத்தை முடித்தார்.

எங்களுக்கு அழுகை வந்துவிட்டது. மீந்த மணிதானே என்று உழைப்பையும் மீந்ததாகவே கொடுத்துவிட்டோம். மன்னிப்புக் கேட்டு, 20 மாலைகளையும் திரும்ப வாங்கி வந்தோம்.

முடிச்சு கற்றது

பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவ அக்கா ஒருவரை நாங்கள் தினமும் கடந்து செல்வோம், ஒருநாளும் பேசியதில்லை. அன்று அருகில் அமர்ந்து, “அக்கா, உங்க மாலை மட்டும் எப்படி அறாம இருக்கு?” என்று கேட்டோம். “நூலு நல்லா இருக்கணும் பாப்பா, முடிச்சு அதைவிட நல்லா இருக்கணும்” என்று சிரித்து, தாமே முடிந்து காட்டினார்.

முறை இதுதான். நைலான் நூலில் 2 மீட்டர் எடுங்கள். ஒரு மணியைக் கோத்ததும் தளர்வாக ஒரு சுருக்குப் போடுங்கள். சுருக்குக்குள் ஊசி முனையை விட்டு, அதை மணியோடு ஒட்டித் தள்ளி, ஊசியை உருவி இறுக்குங்கள். ஒவ்வொரு மணிக்கும் இப்படியே செய்யுங்கள். நூல் எங்கே அறுந்தாலும் ஒன்றிரண்டு மணிக்குமேல் சிந்தாது. முனையில் இரட்டை முடிச்சிட்டு, பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, தீக்குச்சியால் லேசாகச் சுட்டால் பிரியாது.

ஒரு செபமாலைக்கு எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. கிறிஸ்துமஸ் விழாவுக்கு முன் 20 மாலைகளையும் மீண்டும் கொண்டு சென்றோம். அதே பாட்டி மாலையை இரு கைகளாலும் பலமாக இழுத்துப் பார்த்தார். எங்கள் மூச்சே நின்றது. மாலை அறவில்லை. பாட்டி அதை முத்தமிட்டுக் கழுத்தில் அணிந்துகொண்டார்.

தோழியரே, பிறருக்குக் கொடுக்கும் பொருள் மீந்ததாக இருக்கலாம். அதில் இடும் உழைப்பு முதல் தரமானதாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டு டப்பாவையும் எங்கள் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். முடிச்சை நாங்கள் கற்றுத் தருகிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி