ஒரே துளையில் ஐந்து குண்டு

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே திரும்பினால், ஏதாவது ஒரு தெருவில் லேத்துப் பட்டறையின் இரைச்சல் கேட்கும். சக்கில் ஓர் இரும்பு உருளையைப் பிடித்து, அதன்மேல் டயல் கேஜின் முனையை வைத்து, கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார் பட்டறைக்காரர். முள் ஆடினால் உருளை மையத்தில் இல்லை. தாடையைத் தளர்த்தி, லேசாகத் தட்டி, மறுபடியும் சுற்றுவார். அந்த முள்ளின் ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். பம்பின் தண்டுக்கு இரண்டு மூன்று கோடு ஆடினாலும் பாதகமில்லை. அரைக் கோடு ஆடினாலே கையை நிறுத்திவிடுகிற வேலை ஒன்று இருக்கிறது. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து வரும் ஆக்‌ஷன்களில் ஒன்றை எடுத்து, அதைச் சுற்றி இலக்குப் போட்டிக்கான ரைஃபிளைக் கட்டும் வேலை அது.

ஆக்‌ஷன் என்பது துப்பாக்கியின் நடுப்பகுதி. தோட்டாவை உள்ளே தள்ளி, பின்பக்கம் அடைத்துப் பூட்டி, வெடிக்கவைத்து, காலிக் கூட்டை வெளியே எறிவது அதன் வேலை. முன்னால் குழல் அதில்தான் திருகப்படுகிறது. அடியில் விசை தொங்குகிறது. மொத்தமும் மரக்கட்டையில் உட்கார்கிறது. இதை நம் தெருப் பட்டறையில் யாரும் செய்வதில்லை, செய்யவும் கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் மாற்றியமைப்பதும் குற்றம். ஆனால் அந்த வேலைக்குள் இருக்கும் இயற்பியல் எல்லோருக்கும் உரியது. அந்த இயற்பியலைத் தொடங்கிவைத்த மனிதர் உயிர்விட்டதோ, இங்கிருந்து தெற்கே அதே சாலையில் கிளம்பினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய கடலூரில்.

பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த கணித அறிஞர். அவர் காலத்தில் குண்டு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று யாருக்கும் தெரியாது. அளக்க வழியே இல்லை. ராபின்ஸ் ஒரு கனமான மரப்பலகையை ஊசலாகத் தொங்கவிட்டு அதில் சுட்டார். பலகை எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்பதை அளந்து, குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். வினாடிக்கு 500 மீட்டர் அளவுக்கு வந்தது. 1742-இல் இதைப் புத்தகமாக எழுதினார். மூன்று ஆண்டில் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கவுரை எழுதியவர் லியோன்ஹார்ட் ஆய்லர். அவர் கை வைத்த புத்தகம் என்றால் அதன் தரம் சொல்லாமலே விளங்கும்.

ராபின்ஸ் கண்டுபிடித்தவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது வளைத்த குழல். வழவழப்பான குழலில் இருந்து போகும் உருண்டைக் குண்டு ஏன் ஒரு தடவை இடப்பக்கமும் ஒரு தடவை வலப்பக்கமும் விலகுகிறது? குழலின் சுவரில் உரசிப் போகும் குண்டு தன்போக்கில் சுழலத் தொடங்குகிறது, சுழலும் குண்டைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுகிறது என்றார் அவர். நிரூபிக்க, ஒரு குழலை நுனிப்பக்கம் இடதுபுறமாக வளைத்தார். அப்படிப்பட்ட குழலில் குண்டு வலச்சுவரை உரசித்தான் வெளியே வரும். எதிர்பார்த்தபடியே குண்டு முதலில் இடப்பக்கம் கிளம்பி, பிறகு காற்றில் வளைந்து வலப்பக்கம் போய் விழுந்தது. ஆய்லர்கூட இதை ஏற்கவில்லை. குண்டின் உருவக் கோணல்தான் காரணம் என்று எழுதினார். ராபின்ஸ் சொன்னதே சரி. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படிக்கும் மாணவர், நூறாண்டுக்குப் பின் வந்த ஒருவரின் பெயரால், மேக்னஸ் விளைவு என்று இதைப் படிக்கிறார்.

சுழற்சியைத் தவிர்க்க முடியாது என்றால் அதை நாமே கொடுத்துவிடலாம் என்பது அடுத்த படி. குழலின் உட்சுவரில் திருகுபோல் புரி வெட்டினால், ஒவ்வொரு குண்டும் போகும் திசையையே அச்சாகக் கொண்டு, ஒரே திசையில், ஒரே அளவில் சுழலும். புரிகுழல் அதற்கு முன்பே வேட்டைக்காரர்களிடம் இருந்தது. ஏன் வேலை செய்கிறது என்பதை 1747-இல் ராயல் சொசைட்டியில் விளக்கியவர் ராபின்ஸ். இன்றைய 7.62 மி.மீ. ரைஃபிளில் குண்டு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும். வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது அது வினாடிக்கு 2,600 சுற்றுக்கு மேல் சுழல்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்து இங்கே அனுப்பியது. சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் போய்த் திரும்பிவந்த சமயம் அது. கம்பெனியின் தலைமையிடம் கடலூரை ஒட்டிய செயின்ட் டேவிட் கோட்டையில் இருந்தது. 1750-இல் வந்து சேர்ந்த ராபின்ஸ் இரண்டு கோட்டைகளையும் வலுப்படுத்த வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சல் விடவில்லை. 1751 ஜூலையில், 44 வயதில், செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்துபோனார். அந்தக் கோட்டை இருந்த தேவனாம்பட்டினத்தின் கடற்கரைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? நம் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாவது அவருக்கு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சுழற்சி சரியாகிவிட்ட பிறகும் குண்டுகள் சிதறுவது நிற்கவில்லை. நல்ல தொழிற்சாலை ரைஃபிளைப் பெஞ்சின்மேல் வைத்து 100 மீட்டரில் சுட்டால், குண்டுகள் சுமார் 3 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழும். வேட்டைக்கு அது தாராளம். போட்டிக்குப் போதாது. மீதிச் சிதறலைத் தேடிப் போனால் ஆக்‌ஷனில்தான் வந்து நிற்போம்.

தோட்டா வெடிக்கும்போது கூட்டுக்குள் 4,000 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது. பின்னால் அடைத்து நிற்கும் போல்ட்டின் மீது ஏறக்குறைய 3 டன் விசை விழுகிறது. அதைத் தாங்குபவை போல்ட்டின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் இரண்டு எஃகுக் காதுகள். மொத்த உற்பத்தியில் இரண்டு காதுகளும் ஒரே சீராகப் படிவது அரிது. ஒன்று நன்றாக அழுந்தியிருக்கும். மற்றொன்றுக்கும் சுவருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. வெடித்த கணத்தில் போல்ட் சாய்கிறது, ஆக்‌ஷன் ஒரு பக்கமாக நெளிகிறது, குழலின் நுனி பக்கவாட்டில் உதைபடுகிறது. குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. அது வெளியேற ஒரு மில்லிவினாடிக்குச் சற்று அதிகமாக ஆகும். அதற்குள் எஃகு அதிரத் தொடங்கிவிடும். 1901-இலேயே மாலக் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் ரைஃபிள் குழல்களின் அதிர்வைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார். நாம் திடமான இரும்பு என்று நினைக்கும் குழல், குண்டு போகும்போது வளைந்து நெளிகிறது.

ஆகவே கைவினைஞர் முதலில் செய்வது அந்த ஆக்‌ஷனை நேராக்குவது. அதன் முகம், காதுகள் அமரும் இடம், போல்ட்டின் முகம் எல்லாம் ஒரே அச்சுக்குச் செங்குத்தாகவும், திருகுப் புரி அதே அச்சிலும் வரும்வரை லேத்தில் சீவுவார். இரண்டு காதுகளும் ஒருசேரப் படியும்வரை தேய்ப்பார். 1962-இல் வெளிவந்த ரெமிங்டன் 700 அமெரிக்கக் கைவினைஞர்களுக்குப் பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம் அதன் உருண்டை வடிவம். லேத்தில் பிடித்துச் சீராக்க அதைவிட வசதி கிடையாது. பிறகு கனமான புதுக் குழல். குரோம்பேட்டைக்குப் பெயர் வாங்கித்தந்த தோல் ஆலையில் தோலைப் பதப்படுத்திய அதே குரோமியம் இந்த எஃகிலும் உண்டு: சாதாரண வகையில் 1 விழுக்காடு, துருப்பிடிக்காத வகையில் 12 விழுக்காட்டுக்கு மேல். அந்தக் குழலில் தோட்டா உட்காரும் அறையைக் குடையும்போதுதான் டயல் முள் அரைக் கோடுகூட ஆடக் கூடாது.

அடுத்தது மரம். ஐப்பசி மழையில் நம் வீட்டு வாசற்கதவு உப்பி அடைத்துக்கொள்வதுபோல், துப்பாக்கிக் கட்டையும் ஈரத்தைக் குடித்து உப்பும், கோடையில் சுருங்கும். குழல் எங்காவது மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், நேற்று அழுத்திய இடம் வேறு, இன்று அழுத்தும் இடம் வேறு. அதிர்வும் மாறிவிடும். அதனால் குழலை மரத்தின்மேல் படவிடாமல் முழுக்க அந்தரத்தில் விடுகிறார்கள். ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் மட்டும் எப்பாக்ஸி பிசினை ஊற்றி, ஆக்‌ஷனையே அச்சாகப் பதித்து இறுகவிடுகிறார்கள். கழற்றி மாட்டினாலும் அது அதே இடத்தில் வந்து அமரும்.

இத்தனை செய்தும் குழல் அதிராமல் இருக்கிறதா? இல்லை. அதிர்கிறது. முன்பு போலவே அதிர்கிறது. இங்கேதான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது. துல்லியம் என்றால் அசையாமை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். 3 டன் விசைக்கு முன் எதுவும் அசையாமல் நிற்காது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அசையவைக்கலாம். குழல் ஒரே வளைவில் வளைந்து, ஒரே கட்டத்தில் குண்டை விடுமானால், அந்த வளைவு எவ்வளவு என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. குறிபார்க்கும் கருவியை அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம். 1973-இல் மேக் மெக்மில்லன் என்ற அமெரிக்கர் 100 கெஜத்தில் ஐந்து குண்டு சுட்டார். அவற்றின் மையங்களுக்கு இடையே இருந்த அதிகபட்ச தூரம் 0.009 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. காகிதத்தில் ஒரே துளை. அந்தச் சாதனை நாற்பது ஆண்டு நின்றது.

அதிர்வை அடக்காமல் அதனிடமே வேலை வாங்கவும் முடியும் என்பதற்கு நமக்கு நன்கு பழக்கமான ஒரு துப்பாக்கியே சான்று. நம் போலீஸ்காரர்கள் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய த்ரீ நாட் த்ரீ, அதாவது லீ என்ஃபீல்டு. வங்காளத்தின் இஷாபூர் தொழிற்சாலையில் அது செய்யப்பட்டது. அறுபதுகளில் அதே அமைப்பை 7.62 தோட்டாவுக்கு மாற்றியும் செய்தார்கள். அதன் பூட்டுக் காதுகள் போல்ட்டின் பின்பக்கம் இருக்கின்றன. அதனால் சுடும்போது ஆக்‌ஷன் நீண்டு நெளிகிறது. பாடப்புத்தகக் கணக்குப்படி இது குறை. ஆனால் இங்கிலாந்தின் பிஸ்லி துப்பாக்கிச் சுடும் மைதானத்தில் 900, 1,000 கெஜப் போட்டிகளில் அது தன்னைவிட விறைப்பான துப்பாக்கிகளையும் முந்தியது.

எப்படி? எந்த இரண்டு தோட்டாவும் ஒரே வேகத்தில் போவதில்லை. வினாடிக்கு 10 மீட்டர் குறைந்தால், 1,000 கெஜத்தில் குண்டு ஓரடிக்கும் மேல் தாழ்ந்து விழும். லீ என்ஃபீல்டின் குழல் நுனி, குண்டு வெளியேறும் அந்த நொடித்துணுக்கில் மேல்நோக்கி எழும்பிக்கொண்டிருக்கிறது. வேகமான குண்டு முன்னதாக, நுனி சற்றுத் தாழ்ந்திருக்கும்போதே வெளியேறுகிறது. மெதுவான குண்டு தாமதமாக, நுனி சற்று உயர்ந்த பிறகு வெளியேறுகிறது. மெதுவாகப் போவதால் இழக்கும் உயரத்தை அந்தக் கூடுதல் கோணம் ஈடுகட்டிவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் போய்ச் சேரும். இந்த ஆக்‌ஷனை எடுத்துக் கனமான 7.62 குழலை மாட்டி, போட்டி ரைஃபிளாகவே என்ஃபீல்டு தொழிற்சாலை பிற்பாடு விற்றது.

கருவிக்குப் பின்னால் இருக்கும் மனிதர் மட்டும் லேத்தில் ஏறமாட்டார். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்று ரைஃபிளில் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். மையத்தை விட்டு ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 புள்ளி குறையும். ராபின்ஸ் இறந்த அதே கடலூரில் 1999-இல் பிறந்தவர் இளவேனில் வாலறிவன். 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் 24 சுடுகளில் 251.7 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றார். சுடு ஒன்றுக்குச் சராசரி 10.49. நின்றுகொண்டு, கையில் 5 கிலோ சுமையோடு, மையத்தை விட்டு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய விலகலிலேயே 24 தடவை! இந்தக் கடலூர்ப் பொருத்தத்தைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விருப்பமில்லை. அவர் பயிற்சி பெற்ற அகாடமியை நடத்துபவர் ககன் நாரங், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர், பிறந்தது சென்னையில்.

மனித உடலிலும் அதே கதைதான். இதயத்தை நிறுத்த முடியாது. ஒவ்வொரு துடிப்பும் குழலின் நுனியை அசைக்கிறது. தேர்ந்த வீரர்கள் இரண்டு துடிப்புக்கு நடுவே விசையை அழுத்தப் பழகுகிறார்கள். துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் இந்த விளையாட்டில் தடைசெய்யப்பட்டவை; 2008 பெய்ஜிங்கில் வட கொரிய பிஸ்டல் வீரர் ஒருவர் அதனாலேயே இரண்டு பதக்கங்களை இழந்தார். ஒரே நிற்கும் நிலை, கன்னம் கட்டையில் படும் ஒரே இடம், மூச்சை விட்டு நிறுத்தும் ஒரே கட்டம் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் பழகுவது எல்லாம் உடல் என்ற ஆக்‌ஷனைச் சீராக்கும் வேலை.

காற்று ரைஃபிளில் இது இன்னும் கடினம். அதன் 4.5 மி.மீ. குண்டு வினாடிக்கு 175 மீட்டர் அளவில்தான் போகிறது. ஆகவே வெடிமருந்துக் குண்டைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் குழலுக்குள் தங்குகிறது. விசை விழுந்த பிறகும் சில மில்லிவினாடிகள் அது கைக்குக் கட்டுப்பட்டே இருக்கிறது. அந்த நேரத்தில் குழலின் நுனி 0.02 மில்லிமீட்டர், பட்டறை டயலில் இரண்டே கோடு, விலகினால் 0.1 புள்ளி போய்விடும். சுட்ட பிறகும் சில வினாடிகள் அதே நிலையில் குறிபார்த்தபடி நிற்கும்படி பயிற்சியாளர்கள் சொல்வது இதற்காகத்தான்.