அவசரப்பட்டு ஹேண்டிலைச் சுற்றாதீர்கள்

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த ஆயில் இன்ஜின் ஒன்று கைக்கு வந்ததும், டேங்கில் கொஞ்சம் டீசலை ஊற்றி ஹேண்டிலை மாட்டிச் சுற்றிப் பார்க்கத்தான் யாருக்கும் கை துறுதுறுக்கும். கிளம்பினாலும் கிளம்பிவிடும். சிக்கலே அங்கேதான். லைனரில் எண்ணெய்ப் படலம் காய்ந்து போயிருக்கும். பிஸ்டன் ரிங்குகள் கரியிலும் துருவிலும் ஒட்டிக் கிடக்கும். டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் எரிபொருள் பம்ப்பின் ராக் முழுத் திறப்பில் இறுகி நின்றிருந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் அதை அசைக்க முடியாது. வேகம் ஏறிக்கொண்டே போகும். வார்ப்பிரும்பு பிளைவீல் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. அது உடைந்து தெறித்தால் சுவரும் தாங்காது.

ஆக, பழைய டீசல் இன்ஜினைப் புதுப்பிப்பதில் முதல் வேலை அதை ஓடவிடாமல் வைத்திருப்பது. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, எதை அடுத்துக் கேட்பது என்ற வரிசைதான் இந்தக் கலையில் பாதி.

இங்கிலாந்தின் கிளஸ்டர்ஷயரில் டர்ஸ்லி என்ற சிற்றூரில் பிறந்த லிஸ்டர் சி.எஸ். இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். 1867-இல் ராபர்ட் ஆஷ்டன் லிஸ்டர் தொடங்கிய நிறுவனம் 1930 வாக்கில் இதைக் கொண்டுவந்தது. சி.எஸ். என்றால் 'கோல்டு ஸ்டார்ட்'. அதற்கு முந்தைய ஹாட் பல்ப் இன்ஜின்களை ஊதுவிளக்கால் சூடேற்றிய பிறகே கிளப்ப முடியும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக, பெரிய மாற்றம் ஏதுமின்றி இது தயாரிப்பில் இருந்தது. ராஜ்கோட் பட்டறைகள் அதை அப்படியே நகலெடுத்து வார்த்துத் தள்ளின. மின்மோட்டார் வரும் முன் நம் கிணற்றடிகளில் தண்ணீர் இறைத்த ஆயில் இன்ஜின்களும் இதே கொள்கையில் ஓடியவைதான்.

ஒற்றை சிலிண்டர், விட்டம் 114.3 மி.மீ., ஸ்ட்ரோக் 139.7 மி.மீ. கொள்ளளவு 1.4 லிட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு பெரிய சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்கு 650 சுற்றில் கிடைப்பது 6 குதிரைத்திறன் மட்டுமே. இன்றைய கார் இன்ஜின் இதே கொள்ளளவில் 100 குதிரைத்திறனை எளிதாகத் தாண்டிவிடும். ஆனால் லிஸ்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மெதுவாக, குறைந்த சுமையில் ஓடுவதால்தான் அதன் உறுப்புகள் தலைமுறை கடந்தும் தேயாமல் நிற்கின்றன.

பிஸ்டன் சிக்கிக் கிடந்தால் டீசலும் லேசான எண்ணெயும் கலந்து சிலிண்டரில் ஊற்றி நாட்கணக்கில் ஊறவிட வேண்டும். சம்மட்டிக்கு இங்கே வேலையில்லை. வேண்டுமானால் மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டலாம். பழைய கேஸ்கெட்டிலும் சைலன்சரைச் சுற்றிய கயிற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் காய்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. நனைத்து, முகக்கவசம் அணிந்து எடுப்பதே நல்லது. கிராங்க் பெட்டியின் அடியில் படிந்த கசடை வழித்தெடுக்க வேண்டும். ராஜ்கோட் நகல் என்றால், வார்ப்பு மணலும் உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது பழக்கம். இந்த இன்ஜினின் பெரிய பேரிங்குக்கு எண்ணெயைக் கொண்டுபோவது, கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி. அது எண்ணெயை வாரித் தெளிக்கும்போது மணலையும் சேர்த்தே தெளிக்கும்.

இனி, கிளம்ப மறுக்கும் இன்ஜின். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை 17-இல் ஒரு பங்காக நசுக்கினால், வெப்பம் எங்கும் கசியாதவரை கணக்குப்படி அது 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டீசல் தானே பற்றிக்கொள்ள 250 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும் என்று ஆய்வகச் சோதனைகள் சொல்கின்றன. அப்புறம் ஏன் கிளம்பவில்லை? ஆய்வகக் குடுவையில் பொறுத்திருந்து பார்க்க அவகாசம் உண்டு; சிலிண்டருக்குள் ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் பற்றியாக வேண்டும். அதற்குச் சூடு மிச்சமாக இருக்க வேண்டும். 650 சுற்றில் ஓடும்போது காற்று நசுங்கும் நேரம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கையால் 100 சுற்றில் சுழற்றினால் அதே வேலைக்கு 0.3 நொடி ஆகிறது. அந்த இடைவெளியில் குளிர்ந்த லைனர் சுவர் சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். ரிங் சந்துகளில் காற்றும் நழுவிவிடும்.

இதைச் சமாளிக்கத்தான் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்தே வைத்திருக்கும் லிவர். தடையின்றி பிளைவீலைச் சுழற்றி வேகமேற்றிவிட்டு, லிவரை விட்டால், சக்கரத்தில் சேர்ந்த ஆற்றல் பிஸ்டனை அழுத்தத்தைத் தாண்டி இழுத்துப் போகும். லிஸ்டரில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. ஹெட்டின் பக்கவாட்டில் ஒரு சிறு கைச்சக்கரம் இருக்கும். அதை முறுக்கி மூடினால் எரி அறையின் ஒரு பகுதி அடைபட்டு, காற்று இன்னும் குறுகிய இடத்தில் நசுங்கும். கிளப்பும்போது மூடி, முழுச்சுமை ஏறியதும் திறந்துவிட வேண்டும். புதுப்பிக்கிறேன் என்று ஹெட்டைக் கழற்றும் பலரும் இந்த வால்வின் இருக்கையில் படிந்த கரியைக் கவனிப்பதில்லை.

காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கக் காதே போதும். பிளைவீலைக் கையால் மெல்லத் தள்ளி அழுத்தத்தின்மேல் ஏற்றி நிறுத்துங்கள். நல்ல இன்ஜின் எதிர்த்துத் திருப்பித் தள்ளும். சைலன்சர் குழாயில் உஸ்ஸென்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டரில் கேட்டால் இன்லெட் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்குகள். தண்ணீர்த் தொட்டியில் குமிழி வந்தால் கேஸ்கெட்டையோ, விரிசல் விட்ட ஹெட்டையோ சந்தேகிக்கலாம். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்க மெக்கானிக்குகள் ஈயக்கம்பியைத்தான் நம்புகிறார்கள். துண்டுக் கம்பியை பிஸ்டன் தலையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கனத்தை மைக்ரோமீட்டரில் பார்ப்பார்கள். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இருந்தால் கவலையில்லை.

காற்று சரியென்றால் அடுத்தது டீசல். குழாயில் ஒரு குமிழி நின்றாலும் பம்ப் அதைத்தான் நசுக்கிக்கொண்டிருக்கும், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில் திறக்காது. திருகுகளைத் தளர்த்தி, குமிழியில்லாத டீசல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். பம்ப்புக்குள் டீசலைத் தள்ளும் பிளங்கருக்கும் அதன் உறைக்கும் உள்ள சந்து ஓரிரு மைக்ரான்தான். இரண்டும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி என்பதால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. 1920களின் இறுதியில் ராபர்ட் போஷின் தொழிற்சாலை இத்தகைய பம்ப்புகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அதுவரை கம்ப்ரசர் காற்றால் டீசலை ஊதித் தள்ளிக்கொண்டிருந்த பெரிய இன்ஜின்கள் சுருங்கிக் கொட்டகைக்குள் நுழைய இந்தச் சிறு உறுப்பும் ஒரு முக்கியக் காரணம். ரூடால்ஃப் டீசலின் பெயர் நிலைத்தது நியாயமே. ஆனால் பம்ப்புக்குச் சேர வேண்டிய புகழ் பாதிகூட வந்து சேரவில்லை என்பது என் எண்ணம்.

கையால் சுழற்றும்போது நாசில் 'கிரீச்' என்று ஓசையிட வேண்டும். ஓசை வராவிட்டால் பம்ப்பையோ நாசிலையோ பார்க்க வேண்டும். வெளியே எடுத்துச் சோதிக்கும்போது அந்தப் பீச்சலின் முன்னால் விரலை நீட்டவே கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தம் அது. காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் அறுவை சிகிச்சை வரை இழுத்துவிடும்.

இன்ஜின் கிளம்பிய பிறகு புகையைப் படிக்கலாம். வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது: குளிரோ, குறைந்த அழுத்தமோ, பிந்திய டைமிங்கோ காரணம். கருப்பு என்றால் டீசல் மிகுதி அல்லது காற்றுப் பற்றாக்குறை. நீலம் என்றால் எரிவது எண்ணெய். ஒருவேளை வேகம் கட்டுமீறினால் முதலில் பம்ப்பை நிறுத்துங்கள். அப்போதும் நிற்காவிட்டால் காற்று வாயை மரப்பலகையால் அடையுங்கள். உள்ளங்கையால் அடைக்க நினைக்க வேண்டாம்.

இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டருக்கு வேறு மாதிரியான நோய்கள். இன்ஜின் அழகாக ஓடும், வோல்ட் மீட்டர் முள் அசையாது. பழைய டைனமோ தன் காந்தப்புலத்தைத் தானே வளர்த்துக்கொள்வது. இரும்பில் மிச்சமிருக்கும் துளிக் காந்தம் துளி மின்சாரத்தைத் தரும். அது சுருளில் பாய்ந்து காந்தத்தைப் பெருக்கும். காந்தம் மின்சாரத்தைப் பெருக்கும். 1866-67இல் சீமன்ஸ், வீட்ஸ்டோன், வார்லி ஆகியோர் தனித்தனியே கண்டுகொண்ட வித்தை இது. நெடுங்காலம் கிடந்ததில் அந்த மிச்சக் காந்தம் தேய்ந்து போனால் பெருக்குவதற்கு ஒன்றும் இருக்காது. 12 வோல்ட் பேட்டரியை, பாசிட்டிவ் நெகட்டிவ் மாறாமல், ஃபீல்டு சுருளில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். அதற்கு முன் சுருள்களின் ஈரத்தை மறக்கக் கூடாது. பருத்தி நூலும் அரக்கும் சுற்றிய பழைய காப்புறை காற்றின் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுச் சில நாள் உலர்த்தி, காப்புறையின் மின்தடையை அளக்கும் மெகர் ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டிய பிறகே சுழற்ற வேண்டும்.

கடைசியாக விளக்கை மாட்டினால் அது துடிக்கும். பழுது என்று நினைத்து உடனே வயரைப் பிடுங்காதீர்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கிறது. 650 சுற்றுக்கு 325 வெடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்தரை. ஒவ்வொரு வெடிப்பிலும் பிளைவீல் சற்று விரைந்து, பின் சற்றுத் தளரும். மின்னழுத்தமும் கூடவே ஏறி இறங்கும். இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் 3.4 அடுக்குக்கு ஏற்ப மாறுவதால், மின்னழுத்தம் 5 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 16 சதவீதம் போய்விடும். நொடிக்கு ஐந்தாறு துடிப்பு என்பது கண்ணுக்கு நன்றாகவே தெரியும். மின்விளக்குக்கென்றே விற்ற லிஸ்டர்களில் பிளைவீலைக் கூடுதல் கனமாக வார்த்தது இதனால்தான். துடிப்பு ஒரே சீராக இருந்தால் அது இன்ஜினின் இயல்பு. இடையிடையே ஒன்று தவறினால் நாசிலைத் திரும்பக் கழற்ற வேண்டும். தாளமில்லாமல் அலைந்தால் பெல்ட் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.