தீர்மானப் புத்தகத்தில் நம் குரல் ஏறுமா?

கிராம சபையில் பேசியது ஒன்று, தீர்மானப் புத்தகத்தில் ஏறியது வேறு. கிராமப்புற தலித் மக்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. மயானப் பாதை வேண்டும் என்று எழுந்து பேசியிருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் கேட்டால், 'அப்படி எதுவும் பதிவாகவில்லையே' என்று பதில் வரும். கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு பக்கத்தைப் பிறகு நிரப்பும் புகார்களும் உண்டு.

இந்தப் பதிவு வேலையைக் கணினியிடம் கொடுக்கும் முயற்சி தொடங்கியிருக்கிறது. மத்திய ஊராட்சி அமைச்சகம் 2025 ஆகஸ்ட் 14 அன்று 'சபாசார்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை அறிமுகம் செய்தது. தொடக்கம் திரிபுரா மாநிலத்தில். கூட்டத்தின் ஒலி, ஒளிப்பதிவை ஊராட்சி அலுவலர் 'இ-கிராம் ஸ்வராஜ்' கணக்கு வழியாகப் பதிவேற்றுவார். மத்திய அரசின் 'பாஷினி' மொழித் தளம் பேச்சை எழுத்தாக்கும். அதிலிருந்து கூட்ட நடவடிக்கைக் குறிப்பைக் கருவியே தொகுத்துத் தரும். தமிழும் அந்த மொழிகளில் ஒன்று.

எழுத்தில் இருந்தால்தான் மதிப்பு

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன்படி, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்களே. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 கூட்டங்கள். வரவு செலவுக் கணக்கு, வீட்டுத் திட்டப் பயனாளிகள், தெருவிளக்கு, குடிநீர், சாலை எல்லாம் இங்கே பேசப்படுகின்றன. ஆட்சியரிடம் போனாலும் நீதிமன்றம் போனாலும் தீர்மான நகல்தான் கையில் இருக்கும் சான்று. வாய்ப்பேச்சுக்கு அங்கே இடமில்லை.

கிராமத்தை ஆட்சியின் அடிப்படை அலகாகக் கொள்ள வேண்டும் என்ற கருத்தை அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் டாக்டர் அம்பேத்கர் கடுமையாக மறுத்தார். கிராமத்தில் அதிகாரம் யார் கையில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் அஞ்சியதைத் தமிழகமும் கண்டது. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. மேலவளவில் தலைவராக வென்ற முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்.

பதவி கிடைத்த பிறகும் அவமதிப்பு நிற்கவில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டது 2020 அக்டோபரில் வெளிச்சத்துக்கு வந்தது. அதை உலகுக்குக் காட்டியது தீர்மானப் புத்தகம் அல்ல, ஒரு புகைப்படம். அதன் பிறகே வழக்கும் நடவடிக்கையும் வந்தன. கூட்டத்தில் நடப்பது அப்படியே பதிவாவது நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே போதும்.

இயந்திரத்தின் காது

ஆனால் இயந்திரமும் எல்லோர் பேச்சையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. அமெரிக்காவில் 5 பெரிய நிறுவனங்களின் பேச்சறி கருவிகளை ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2020-ல் வெளியான முடிவின்படி, வெள்ளையர் பேச்சில் நூறு சொற்களுக்குச் சராசரியாக 19 பிழை. கறுப்பின மக்களின் பேச்சில் 35. அவர்களின் பேச்சு வழக்கு, கருவியைப் பழக்கிய பதிவுகளில் போதிய அளவு இல்லாததே முக்கியக் காரணம் என்றார்கள். நம் ஊர்ப்புற வழக்குத் தமிழையும், வயல் வேலை முடித்து வந்த பாட்டியின் பேச்சையும் கருவி எப்படிக் கேட்கிறது என்பதை ஒவ்வொரு ஊரிலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் சுருக்கி எழுதுவதில் இருக்கிறது. 'எங்க பொணத்தை அந்தத் தெரு வழியா விடமாட்டேங்கிறாங்க' என்று ஒருவர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கத்தில் அது 'மயானச் சாலை வசதி கோரப்பட்டது' என்று ஆகலாம். சாதிக் கொடுமை, சாலைக் கோரிக்கையாக மாறிவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரிக்க வேண்டிய செய்தி பொறியாளர் மேசைக்குப் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மைக் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி இருக்கிறது. மைக் வராத வரிசையின் பேச்சு எந்தக் கருவியிலும் ஏறாது. எந்தப் பகுதியைப் பதிவேற்றுவது என்று முடிவு செய்பவரும் மனிதர்தான்.

நாம் செய்ய வேண்டியது

கருவி நம் ஊருக்கு வரட்டும், வராமல் போகட்டும். சில வேலைகளை அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம். கோரிக்கையை எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். கூட்டம் முடியும் முன் தீர்மானங்களை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் வேண்டாம். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனு செய்யலாம்; வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணமில்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். அலுவலகத்திடம் உள்ள ஒலி, ஒளிப்பதிவையும் இதே சட்டத்தில் கேட்கலாம். கருவி தரும் சுருக்கத்தோடு முழுப் பதிவையும் கேட்டு வாங்கினால்தான் எது விடுபட்டது என்று ஒப்பிட முடியும்.

இங்கே மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. நம் தெருவில் இன்று கைப்பேசி தெரிந்த பிள்ளைகள் பலர். அவர்களில் இருவர் கூட்டத்தில் உட்கார்ந்து, யார் என்ன கேட்டார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போதும். அலுவலரின் குறிப்பானாலும் கணினியின் குறிப்பானாலும், அதைச் சரிபார்க்க நம்மிடம் ஒரு கணக்கு இருக்கும்.